செகண்ட் ஹேண்ட் ஸ்டீரியோ செட்: வாங்கும் முன், பூட்டும் முன், கேட்கும் முன்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செய்தி மடலுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



நம் கூட்டத்தில் வழக்கமாகக் குப்பை வண்டி, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்றுதான் பேச்சு இருக்கும். இந்த முறை செயலாளர் என்னிடம், "சார், சாயங்காலம் உங்க மாடி ரூம்ல இருந்து பாட்டு வருது. பழைய செட்டை எப்படி வாங்கினீங்க, எப்படிப் பூட்டுனீங்கன்னு நாலஞ்சு பேர் கேக்கறாங்க. அதையே பேசிடுங்க" என்றார். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பணத்தை விட்டுக் கற்றுக்கொண்ட பாடம் மறக்காது என்பார்கள். அப்படிக் கற்றதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. நம் பகுதியில் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல் என்றால் மைக் செட் கட்டுவார்கள். அதன் வேலை, நாலு தெருவுக்குக் கேட்க வைப்பது. வீட்டு ஸ்டீரியோ செட்டின் வேலை வேறு. ஒரு சிறிய அறையில், குறைந்த சத்தத்தில், பாட்டில் இருப்பது அத்தனையும் தெரிய வேண்டும். தபேலாவில் விரல் படுவது, பாடுபவர் மூச்சு எடுப்பது வரை தெரிந்தால் அது நல்ல செட். அதிரவைப்பதுதான் நல்ல செட் என்று நினைத்து வாங்குபவர்கள் இரண்டு மாதத்தில் விற்றுவிடுவார்கள். அப்படி விற்றது நமக்கு செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதுவும் நல்லதுதான்!

எங்கே கிடைக்கும்?

ஒரு காலத்தில் பழைய ரெக்கார்டு, பழைய பிளேயர் என்றால் மூர் மார்க்கெட்தான். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே 30 அன்று எரிந்து போனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைக்காரர்களுக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். அடுத்தது பர்மா பஜார். நம் பக்கத்திலேயே பர்மா நகர் இருக்கிறது, அந்த வரலாறு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கடற்கரை ஸ்டேஷன் எதிரில் போட்ட கடைகள் அவை. எண்பதுகளில் ஜப்பான் டேப் ரெக்கார்டர் வேண்டுமென்றால் சென்னை முழுவதும் அங்கேதான் போகும். மூன்றாவது, ரிச்சி தெரு. உதிரி பாகம், வயர், பின், கான்டாக்ட் கிளீனர், மல்டிமீட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

இவை தவிர இன்னொரு இடம் இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரண். துறைமுகத்திலும் கப்பலிலும் வேலை பார்த்தவர்கள், வளைகுடா போய் வந்தவர்கள் வீடுகள் நம் வட்டாரத்தில் நிறைய. அங்கெல்லாம் ஒரு ஆம்ப், ஒரு டேப் டெக் போர்வை போர்த்திக் கிடக்கும். காயலான் கடைக்கு எடைக்குப் போடும் முன் ஒரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செட் என்பது நான்கு சமாச்சாரம். பாட்டு பிறக்கும் இடம், அதாவது ரெக்கார்டு பிளேயர், டேப் டெக், சி.டி. பிளேயர் அல்லது உங்கள் செல்போன். அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். இரண்டு ஸ்பீக்கர். இவற்றை இணைக்கும் வயர். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மட்டும் வாங்கி, செல்போனிலிருந்து ஒரு வயர் கொடுத்துக் கேளுங்கள். காது பழகட்டும். ரெக்கார்டு பிளேயர் ஆறு மாதம் கழித்துப் போதும். நான் அந்த வரிசையில் போகவில்லை. அதனால்தான் அடுத்து வரும் கதை.

என் வாராக்கடன்

ஓய்வு பெற்ற கையோடு ஒரு கடையில் ஜப்பான் ஆம்ப் ஒன்றைப் பார்த்தேன். முகப்பு அலுமினியத்தில் பளபளவென்று இருந்தது. 7,000 ரூபாய் என்றார்கள். கடையில் அவர்கள் ஏதோ ஒரு பெட்டி வழியாகக் கரண்ட் கொடுத்துப் பாட வைத்தார்கள். அந்தப் பெட்டி என்ன என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன். பின்னில் இரண்டு தட்டைக் கால்கள். ஒரு அடாப்டர் வாங்கி நேராகச் சுவரில் மாட்டினேன். 'உம்ம்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாசனை, பிறகு ஒன்றுமில்லை.

காரணம் மிக எளிது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120. நமக்கு 230. அந்த ஊருக்காகச் செய்த பெட்டிக்கு நான் இரண்டு மடங்குக்கு மேல் வோல்டேஜ் கொடுத்துவிட்டேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. முப்பது வருடம் அடுத்தவர் வவுச்சரில் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்தவன், பெட்டியின் பின்பக்கம் எழுதியிருந்த ஒரே ஒரு வரியைப் படிக்கவில்லை. அந்த 7,000 ரூபாயை வாராக்கடனில் எழுதிவிட்டேன்.

ஆகவே முதல் விதி: பெட்டியின் முதுகைப் படியுங்கள். 220–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். சிலவற்றில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்சு இருக்கும். அது 220 அல்லது 240-இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். 100 வோல்ட் மட்டும் என்றால் தனியாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிலும் பொதுவாகக் கிடைப்பது 110 வோல்ட் தரும். 100 வோல்ட் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.

ரெக்கார்டு பிளேயருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. சில பழைய பெல்ட் பிளேயர்களின் மோட்டார் இந்தச் சுற்றை வைத்துத்தான் வேகத்தை எடுக்கும். அப்படிப்பட்டதை வோல்டேஜ் சரிசெய்து மாட்டினாலும், நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 28-க்குள் நின்றுவிடும். எந்தப் பாடகர் பாடினாலும் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இருக்கும். டைரக்ட் டிரைவ் வகைக்கும், டி.சி. மோட்டார் வகைக்கும் இந்தத் தொல்லை இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

விற்பவர் போடும் பாட்டை நம்பாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு இரண்டை உங்கள் போனில் கொண்டு போங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

1. வால்யூம் திருகை மெதுவாகச் சுற்றுங்கள். லேசாகக் கரகரத்தால் அது தூசியும் துருவும்தான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஆனால் ஒரு பக்கம் பாட்டே விட்டு விட்டு வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

2. பேலன்ஸ் திருகை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம், ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும்.

3. ஃபியூஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியோ சிகரெட் அட்டைத் தாளோ சுற்றியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பெட்டி ஏற்கெனவே எதையோ மறைக்கிறது.

4. குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டாலோ, வார்னிஷ் கருகும் வாசனை வந்தாலோ வேண்டாம்.

5. ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றிப் பாருங்கள். பெரிய கூம்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் போன்ற வளையம் இருக்கும். பதினைந்து இருபது வருடத்தில் அது பொடிப் பொடியாக உதிரும். விரலை லேசாக வைத்தாலே தெரியும். ரப்பர் அல்லது துணி வளையமாக இருந்தால் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். பிறகு விரல்களை அகல விரித்துக் கூம்பை எல்லாப் பக்கமும் சமமாக, மிக மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் வந்தால் காயில் போய்விட்டது என்று அர்த்தம்.

6. சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், அதன் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஜால்ரா, சலங்கை, 'ஸ்' என்ற எழுத்து இவையெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் வந்த பெட்டிகளில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதை இருப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதே உண்மையான கணக்கு. நம் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பக்கத்துக்கு 20 அல்லது 30 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும்.

பெயரைப் பொறுத்தவரை, ஜப்பான் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டிலேயே சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் என்று நல்ல ஆம்ப்புகள் வந்தன. 230 வோல்ட் பிரச்சினையே கிடையாது. உள்ளே இருக்கும் பாகங்களும் எளிமையானவை, பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தவை. என் இரண்டாவது ஆம்ப் இந்தியத் தயாரிப்புதான். இன்று வரை ஓடுகிறது.

பூட்டும் முறை

முதலில் மூன்று கால் பிளக், எர்த் உள்ள பாயிண்ட். நம் பகுதி ஈரக் காற்றில் எர்த் இல்லாத உலோகப் பெட்டியை ஈரக் கையால் தொடுவது ஆபத்து. 'உம்' சத்தம் வருகிறது என்று எர்த் காலை வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு சோதனை. 300 ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஆம்ப்பை ஆன் செய்து, வால்யூமை பூஜ்யத்தில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்பீக்கர் மாட்டும் இரண்டு முனைகளில் டி.சி. வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

ஸ்பீக்கர் பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று போட்டிருக்கும். ஆம்ப் பின்னால் என்ன ஓம் கேட்கிறதோ அதற்குக் குறைவான ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். வயர் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. செப்பு ஃபிளெக்ஸிபிள் வயர் போதும். இரண்டு பக்கமும் ஒரே நீளம். பிரிகள் ஒன்றையொன்று தொடாமல் நன்றாக முறுக்கிச் செருகுங்கள்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். அடிச் சத்தம் காணாமல் போய்விடும். பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

இதைச் சரிபார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஐம்பதுகள், அறுபதுகளின் சினிமாப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. டி.எம்.எஸ்., சுசீலா பாட்டு எதையாவது போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் உட்காருங்கள். குரல் நடுவில், காற்றில் நிற்க வேண்டும். அங்கே ஸ்பீக்கரே இருக்காது, ஆனால் பாடுபவர் அங்கே நிற்பார். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் பேலன்ஸ் சரியில்லை. எங்கே என்று தெரியாமல் பரவிக் கிடந்தால் சிவப்பு கறுப்பு மாறியிருக்கிறது. அது டேலி ஆன பிறகு ஸ்டீரியோ பாட்டு போடுங்கள். 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள்தான் நம் பக்கத்தில் முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று பரவலாகச் சொல்வார்கள். இளையராஜா எந்த வாத்தியத்தை எந்தப் பக்கம் வைத்தார் என்று அப்போதுதான் தெரியும். நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டில் இதுவரை கேட்காத வயலின் ஒன்று வலது பக்கத்திலிருந்து வரும்.

ரெக்கார்டு பிளேயரை ஆம்ப்பில் 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில்தான் மாட்ட வேண்டும். அதில் வரும் சிக்னல் மிகச் சிறியது, சுமார் 5 மில்லிவோல்ட். அதோடு, ரெக்கார்டு வெட்டும்போதே அடிச் சத்தத்தைக் குறைத்து மேல் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். ஃபோனோ பகுதிதான் அதைத் திருப்பிச் சமன் செய்கிறது. சி.டி. பிளேயரையோ போனையோ அதில் மாட்டினால் பிளிறும். பிளேயரிலிருந்து ஒரு மெல்லிய தனி வயர் வரும். அதை ஆம்ப் பின்னால் உள்ள கிரவுண்ட் திருகில் கட்டினால் பாதி 'உம்' சத்தம் அங்கேயே நின்றுவிடும்.

ஊசியின் எடை முக்கியம். பெரும்பாலான ஊசிகளுக்கு ஒன்றரை முதல் மூன்று கிராம். கையின் பின்னால் உள்ள எடையைத் திருகி, கை தராசு போல் சமமாக மிதக்கும்படி வைத்து, அங்கே எண்ணைப் பூஜ்யமாக்கி, பிறகு ஊசிக்குச் சொன்ன அளவுக்குத் திருகுங்கள். ஊசி தாவுகிறது என்று தலையில் நாணயம் ஒட்டாதீர்கள். ரெக்கார்டை உழுதுவிடும். பழைய பிளேயர் வாங்கினால் ஊசியை மாற்றிவிடுங்கள். எத்தனை மணி நேரம் தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

தாத்தா காலத்து 78 ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு: அது அரக்கில் செய்தது. அதற்கு வேறு, அகலமான ஊசி. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

எங்கே வைப்பது?

ஸ்பீக்கரை அலமாரி மேலே ஒன்று, கட்டில் கீழே ஒன்று என்று வைத்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. மூலையில் வைத்தால் அடிச் சத்தம் குடத்துக்குள் பேசுவது போல் இருக்கும். ஸ்டாண்டுக்கு நான் காசு செலவழிக்கவில்லை. வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய ஹாலோ பிளாக், மேலே பழைய ரப்பர் மேட். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட். அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். 'டிங்' என்று திரும்பி வந்தால் அறை காலி. கனமான திரை, கீழே ஒரு ஜமுக்காளம், ஒரு புத்தக அலமாரி போதும். புது ஸ்பீக்கர் வாங்கியது போல் மாறும்.

நம் ஊருக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை, கன்டெய்னர் லாரி. மணலி விரைவுச் சாலையில் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வது எல்லோருக்கும் தெரியும். அந்த அதிர்வு ஊசிக்கும் போகும். மேஜை மேல் வைத்த பிளேயரில் லாரி போகும்போதெல்லாம் ஊசி தாவியது. சுவரில் ஆங்கிள் அடித்துப் பலகை போட்டு அதன் மேல் வைத்தேன், நின்றுவிட்டது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் அதே பலகையில் பிளேயரை வைக்காதீர்கள், ஊளையிடும்.

உப்பும் வெள்ளமும்

கடல் காற்றில் பின்கள் பச்சை பூக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட விட்டால் அந்தச் சூட்டில் ஈரம் போகும். கரித்தூசிக்குப் பருத்தித் துணி போர்த்துங்கள், ஆனால் ஓடும்போது எடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எர்ணாவூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. பூண்டியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலையாறு நம் வாசலைத் தேடி வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் என் செட் மாடி அறையில். கீழ் வீட்டில் இருப்பவர்கள் உங்கள் சுவரில் அன்றைய தண்ணீர்க் கோடு எங்கே என்று பார்த்து, அதற்கு மேலே பலகை அடியுங்கள். எச்சரிக்கை வந்தவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நனைந்துவிட்டால் 'காய்ந்துவிட்டதே' என்று ஆன் செய்யாதீர்கள். நீங்களே திறக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும்.

காதைப் பற்றி

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

என் செட்டைக் கேட்டுவிட்டு நம் தெருவில் ஒரு அண்ணன் தானும் ஒன்று வாங்கினார். நம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒரு மாதம் கழித்து வந்து, "சார், ஸ்பீக்கர்ல சின்ன சத்தமே வரல. ஜால்ராவே காணோம்" என்றார். ட்வீட்டர் போயிருக்கும் என்றேன். இரண்டையும் மாற்றினார். அப்படியேதான் இருக்கிறது என்றார். கெபாசிட்டர் மாற்றினார். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டும் வந்தார்.

பிறகு நானே போய்ப் பார்த்தேன். அறைக்குள் நுழைந்ததும் காது கூசியது. ட்ரெபிள் திருகு கடைசி வரை திருகியிருந்தது. அவர் பேத்தி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். நான் ட்வீட்டர் பக்கத்தில் காதை வைத்தேன், சலங்கை கணகணவென்று கேட்டது. பாப்பாவை வைக்கச் சொன்னேன், "நல்லா கேக்குது தாத்தா" என்றாள். அண்ணன் வைத்தார். "ஒண்ணும் வரல" என்றார்.

மூன்று பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை. "அப்ப எனக்குக் காது செவிடுன்றியா?" என்று கோபித்துக்கொண்டார். ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. பிறகு அவரே வந்து, "ஸ்டான்லிக்குப் போலாம், நீயும் வா" என்றார்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் சோதித்தார்கள். ஒரு கிராஃப் கொடுத்தார்கள். இரண்டு காதிலும் கோடு நேராக வந்து, 4,000 சுற்று இருக்கும் இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் போகுமாம். உட்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. 'ஸ்', 'த்', 'ச்' போன்ற எழுத்துகள் எல்லாம் மேல் சத்தத்தில்தான் இருக்கின்றன. அவை போய்விட்டால் பேச்சு காதில் விழும், ஆனால் என்ன சொன்னார்கள் என்று புரியாது.

திரும்பி வந்து வீட்டில் சொன்னோம். அண்ணி கேட்டுவிட்டு, "பத்து வருஷமா நான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறேன்னு திட்டினாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது காதுக் கருவி போட்டிருக்கிறார். சலங்கை பழையபடி கேட்கவில்லையாம், ஆனால் பாட்டில் சலங்கை இருப்பது தெரிகிறதாம். ட்ரெபிள் திருகு நடுவுக்கு வந்துவிட்டது. பாப்பாவும் உள்ளே உட்கார்ந்து கேட்கிறாள்.

இந்தக் கூட்டத்தில் தொழிற்சாலையில், ஒர்க்‌ஷாப்பில், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் இருப்பீர்கள். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் என்றால் காது தேயும். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஏறக்குறைய அந்த அளவு சத்தம்தான். தம்பிமார்கள் வேலையில் காதடைப்பான் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். அண்ணன்மார்கள், வீட்டில் எல்லோரும் முணுமுணுப்பது போல் தோன்றினால் அவர்கள் மேல் கோபப்படும் முன் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். எனக்கும் வயதுக்கேற்றபடி மேல் சத்தம் போய்விட்டது. அதனால் 20,000 சுற்று வரை பாடும் என்று யாராவது ஸ்பீக்கர் விற்க வந்தால், எனக்கு அது வேண்டாம் என்று நிம்மதியாகச் சொல்லிவிடுவேன்.

கணக்கு

பொருளாளர் கேட்பார் என்பதால் என் செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப் 5,500. ஸ்பீக்கர் ஜோடி 4,500. ரெக்கார்டு பிளேயர் 6,000. புது ஊசி 900. பெல்ட் 250. வயர், பின், மல்டிமீட்டர் 1,150. மெக்கானிக் கூலி 700. ஆக 19,000 ரூபாய். எரிந்து போன ஆம்ப் 7,000-ஐயும் சேர்த்தால் 26,000. அந்த 7,000 உங்களுக்கு மிச்சமானால் இன்று நான் பேசியதற்குக் கூலி கிடைத்துவிட்டது.

கடைசியாக, அக்கம்பக்கம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது ஒலி மாசு விதி. விதியை விடுங்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர்கள் நம் தெருவில் எப்போதும் இருக்கிறார்கள். நல்ல செட் குறைந்த சத்தத்திலும் நன்றாகவே பாடும். என் பாட்டு உங்கள் வீட்டுக்குள் வந்தால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள். குறைத்துவிடுகிறேன். கேட்க ஆசையிருந்தால் மாடிக்கே வாருங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று, ரசமட்டம் ஒன்று சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். நோட்டில் பெயர் எழுதி எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் கையெழுத்து போடுங்கள். பழைய பழக்கம், விட மாட்டேன்.